இருபத்தாறுக்கு எதிர்வீடு

அத்தியாயம் 9

"தம்பி, அதத் தொடாதே!"

சூடான தோசைக்கல்லில் பட்டதுபோல ஜெய்னுதீன் கையை இழுத்துக்கொண்டான். அவன் செய்த குற்றம், கூடத்துச் சுவரில் சாய்த்திருந்த கதவைக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்ததுதான். நகர்த்தாமல் அந்தக் கூடத்தில் மூன்று பேர் உட்கார முடியாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வீடுகள் அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கட்டியவை; ஓர் அலமாரியும் ஒரு கட்டிலும் போட்டால் மூச்சு முட்டிப்போகும். அதற்குள் ஏழடி உயரத்தில், வைரம் பாய்ந்த மரத்தில், பூவேலை செய்த இரட்டைக் கதவு ஒன்று நிலையோடு நின்றுகொண்டிருந்தது. நிலையில் மஞ்சள், குங்குமம். மேலே வாடாத மாவிலைத் தோரணம்.

"கதவு மூஞ்சி கெழக்கப் பாத்துதான் இருக்கணும்," என்றாள் நல்லம்மாள். "அஞ்சு வருசமா அப்படித்தான் வச்சிருக்கேன்."

"கதவு இல்லாத வீடு பாத்திருக்கேன் ஆன்டி. வீடு இல்லாத கதவ இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"ஜெய்னு," என்றாள் காமாட்சி.

அவ்வளவுதான் சொன்னாள். ஜெய்னுதீன் வாயை மூடிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டான்.

காமாட்சி ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் டைப் அடித்தவள். வக்கீல்கள் படிக்காத பத்திரங்களையும் அவள் படித்துக்கொண்டே அடித்தாள். ஐம்பது வயதில் வேலையை விட்டு, ஸ்காட் ரோட்டில் மசாலாக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, 'விசாரணைகள்' என்று போர்டு மாட்டினாள். ஜெய்னுதீன் அதுவரை டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன். அவளை ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போய், திரும்பி வரும்போது அவளிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இப்போது வண்டியும் அவன்தான், வாயும் அவன்தான்.

நல்லம்மாளின் வழக்கு சுலபமானதுபோலத்தான் வந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், ரயில்வேயில் கார்டாக இருந்த புருஷன் போனபிறகு வந்த பணத்தை மொத்தமாகச் செமினியில் போட்டாள். தாமான் ஸ்ரீ கெனாங்கா என்று ஒரு புதுக் குடியிருப்பு. அதில் இருபத்தேழாம் எண் வீடு, இருபத்தொன்பதாம் எண் வீடு. ஒன்றில் தான் இருப்பது, மற்றதை வாடகைக்கு விட்டு அந்த வாடகையில் சாப்பிடுவது. யாருக்கும் பாரமில்லாத கணக்கு. இரண்டு வருஷத்தில் கட்டடக் கம்பெனி படுத்துக்கொண்டது. விற்றுக் கொடுத்த ஏஜெண்டு சோலையப்பன் காணாமல் போனான்.

இந்த வருஷம்தான் விடிவு மாதிரி ஒரு செய்தி. வேறொரு கம்பெனி அந்தக் குடியிருப்பை எடுத்துக் கட்டி முடிக்கப் போகிறது. வாங்கியவர்கள் காஜாங்கில் அதன் ஆபீசுக்கு நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும். கடைசி நேரம் நாளை வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி. ஆனால் அவர்கள் ஒட்டிய பட்டியலில் நல்லம்மாள் பெயர் இல்லை. ரயில்வேக்காரர்கள் குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்ன தேதியோ இந்த மாதம் முப்பத்தொன்று.

ஐந்து நாளாகச் சோலையப்பனைத் தேடினார்கள். செலாயாங்கில் ஒரு வாடகை வீடு பூட்டிக் கிடந்தது, அவ்வளவுதான் கிடைத்தது.

"ஆளத் தேடி அலுத்துப் போச்சு," என்றாள் காமாட்சி. "இன்னிக்கு வீட்டத் தேடலாம். அக்கா, நீங்க சேத்துவிட்ட மத்தவங்க ரசீதெல்லாம் கொண்டாங்க."

நல்லம்மாள் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். அவளுடையதும் சேர்த்து, ஆளுக்கொன்றாகப் பதினேழு ரசீதுகள் இருந்தன. கோயில் மாதர் சங்கத்தில் அவள் செயலாளர். வீடு வாங்கிப் போட்டால் பத்து வருஷத்தில் மூன்று மடங்கு என்று சோலையப்பன் சொன்னதை, சங்கத்தில் வாய் ஓயாமல் சொன்னவள் அவள்தான். அண்ணன் மகன், சம்பந்தி, பூக்காரி, பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள்.

காமாட்சி ரசீதுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தாள், கழற்றிவிட்டு ஒருமுறை பார்த்தாள்.

"பேங்க்ல கடன் வாங்கினவங்க யாரு?"

"யாரும் இல்லம்மா. ரொக்கமா குடுத்தா தள்ளுபடின்னாரு. எல்லாரும் ரொக்கந்தான்."

"பதினேழு பேருமா?"

"நகைய வித்துக் குடுத்தாங்க சில பேரு."

"எல்லா நம்பரும் ஒத்தப்படை."

"ஒத்தப்படை வரிசதானே கெழக்குப் பாத்தது! நம்ம ஆளுங்க மேற்குப் பாத்த வாசல் வாங்குவாங்களா?"

"மாட்டாங்க," என்றாள் காமாட்சி மெதுவாக. "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

வாசலுக்கு வந்ததும் ஜெய்னுதீன் அவள் காதருகே கேட்டான்: "பாஸ், ரொக்கமா குடுத்தா என்ன தப்பு? தள்ளுபடின்னா நானும் குடுப்பேன்."

"கடன் வாங்கியிருந்தா பேங்க் வக்கீல் போயி நெலத்தப் பாப்பான். ஒரு வக்கீல் கண்ணுகூட அந்த வரிச மேல படல ஜெய்னு. வண்டிய எடு."

*

செமினிக்குப் போகும் வழியெல்லாம் நல்லம்மாள் வண்டியின் பின் இருக்கையில் நேராக உட்கார்ந்து வந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர்.

"குடிக்கவா ஆன்டி?"

"முருங்கைக்கு. மாசத்துல மொத ஞாயித்துக்கிழம பஸ் புடிச்சு வந்து ஊத்திட்டுப் போவேன். இன்னிக்கு வண்டி கெடச்சுது."

தாமான் ஸ்ரீ கெனாங்காவின் நுழைவாயில் வளைவு மட்டும் முழுசாக இருந்தது. அதற்கப்பால் செம்மண் சாலை ஒன்று தெற்கே ஓடியது. சாலையின் இடப்பக்கம் ஒரே நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். சுவர் எழும்பி, சிலவற்றில் ஓடும் போட்டு, ஜன்னல் இல்லாமல், பல் விழுந்த வாய்போல நின்றன. தூண்களில் சிவப்புச் சாயத்தில் 2, 3A, 6, 8 என்று எண்கள்.

"நாலுக்குப் பதிலா மூணு ஏ," என்றான் ஜெய்னுதீன். "சீனருங்க சாவு நம்பருன்னு நாலு வாங்க மாட்டாங்க, நம்மாளுங்க மேற்கு வாங்க மாட்டாங்க. வீடு விக்கிறவன் பாடு பெரும்பாடுலா."

சாலையின் வலப்பக்கம் இடுப்பளவு லாலாங் புல். அதில் ஓரிடத்தில் மட்டும் புல்லை வெட்டிச் சதுரமாகச் சுத்தம் செய்திருந்தது. நடுவே ஒரு முருங்கை மரம், காயும் பூவுமாக. நல்லம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தச் சதுரத்துக்குள் காலெடுத்து வைத்தாள்.

"இது கூடம். இங்க அடுப்படி. பக்கத்துல இருபத்தொம்பது. அதுக்கு ரெண்டு ரூம்தான் தடுக்கச் சொல்லியிருக்கேன், வாடகைக்குத்தானே." காற்றில் கையால் சுவர் எழுப்பினாள். பிறகு சாலையைக் கடந்து, எதிரே இருந்த அரைகுறை வீட்டின் படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காலையில வந்தா இந்தப் படியில நல்ல நெழலு. இங்க உக்காந்துதான் என் வீட்டப் பாப்பேன்."

அவள் தலைக்கு மேலே தூணில் 26 என்று எழுதியிருந்தது.

காமாட்சி முருங்கை மரத்தடியில் நின்று சுற்றிலும் பார்த்தாள். "அக்கா! பூமி பூஜ போட்டீங்களா?"

"போடாம? ஐயர் வச்சு, ஈசானிய மூலையில தோண்டி, நவதானியம், வெள்ளிக்காசு எல்லாம் போட்டோம். சோலையப்பனும் வந்தாரு. சக்கரப் பொங்கல ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் தின்னாரு."

"தோண்டினப்போ தண்ணி வந்துச்சா?"

நல்லம்மாளின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தபோது ஜெய்னுதீனுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

"ஒரு மொழம்கூடத் தோண்டல, குபுகுபுன்னு! அவ்வளவு லேசா ஊத்து வந்தா மகாலட்சுமியே வந்த மாதிரின்னாரு சோலையப்பன். எனக்கு மட்டுமில்ல, எங்க பதினேழு பேருக்கும் வந்துச்சு. சங்கத்துல அதத்தானே பேசிக்கிட்டோம்!"

"பதினேழு பேருக்குமா," என்று காமாட்சி திருப்பிச் சொன்னாள்.

"ஆலமாக்!" என்று ஒரு குரல் லாலாங்குக்குள்ளிருந்து வந்தது. ஜெய்னுதீன் புல்லுக்குள் பத்தடி நடந்து, முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தான். "பாஸ், எனக்கும் மகாலட்சுமி வந்துட்டா. வலது சப்பாத்த வாங்கிக்கிட்டா."

காமாட்சி கை கொடுத்து இழுத்தாள். அவனுக்குப் பின்னால் புல் முடிகிற இடத்தில், பழுப்பு நிறத்தில், சத்தமில்லாமல் ஆறு போய்க்கொண்டிருந்தது.

"மழை நாள்ல இது எதுவரைக்கும் ஏறும்னு நெனக்கிற?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

ஜெய்னுதீன் தன் காலைப் பார்த்தான், முருங்கையைப் பார்த்தான். முருங்கையின் அடிமரத்தில், முட்டி உயரத்துக்கு, காய்ந்த வண்டலின் கோடு ஒன்று ஒட்டியிருந்தது.

*

காஜாங் நில அலுவலகத்தில் ஏடுகளைப் பார்க்கும் மஜீதா என்ற கெராணிப் பெண் குடியிருப்பின் படத்தை விரித்து நான்கு மூலையிலும் முத்திரைக் கட்டைகளை வைத்தாள். நல்லம்மாளை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"அங்கிள், உங்க கால்ல சப்பாத்து ஒண்ணுதான் இருக்கு."

"அண்ணேன்னு சொல்லும்மா. சப்பாத்து போனாலும் வயசு போகல."

"இதான் அங்கீகாரம் ஆன பிளான்," என்று மஜீதா விரலை வைத்தாள். "ரோட்டுக்குக் கெழக்க ஒரு வரிச. இரட்டப்படை, ரெண்டுலேர்ந்து முப்பத்தாறு வரைக்கும். எல்லாம் மேற்கப் பாத்தது."

"ரோட்டுக்கு மேற்க?"

"மேற்க ஒண்ணும் இல்ல ஆன்டி. ரிசாப் சுங்கை. ஆத்துக்கு விட்ட எடம். அதுல வீடு கட்ட முடியாது, விக்கவும் முடியாது."

"கொஞ்சம் நகத்தி கிகத்தி..." என்றான் ஜெய்னுதீன்.

"ஆத்தயா?"

ஜெய்னுதீனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவரின் பதில் பிடித்துப்போனது, சிரிக்கத்தான் முடியவில்லை.

காமாட்சி தன் பையிலிருந்து புதுக் கம்பெனியின் பட்டியலை எடுத்தாள். பதினெட்டு வீடு, பதினெட்டுப் பெயர். பதினேழு பெயருக்குப் பக்கத்தில் பதிந்தாயிற்று என்று அடையாளம். சீனப் பெயர்கள், மலாய்ப் பெயர்கள். அவற்றின் நடுவே ஒரே ஒரு தமிழ்ப் பெயர்; அடையாளம் இல்லாமல் இருந்ததும் அது ஒன்றுதான்.

"இருபத்தாறு. பவுனம்மாள்," என்று வாசித்தாள்.

"பரவால்லையே! தமிழ்நாட்டுச் சாமி, மலையாளத்துச் சாமி எல்லாத்தையும் மீறி மேற்குப் பாத்து ஒரு அம்மா வாங்கியிருக்கு. அதோட காலத் தொட்டுக் கும்பிடணும் பாஸ்."

"ஆனா இன்னும் வந்து பதியல. வீடு கெடைக்கப் போகுது, வந்து வாங்கிக்க ஆளில்ல." காமாட்சி பட்டியலை மடித்தாள். "ஏன்?"

வெளியே வந்ததும் அவள் படிக்கட்டில் நின்றுவிட்டாள். வண்டியில் நல்லம்மாள் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, இவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லப் போறீங்க பாஸ்?"

"இன்னும் ஒரு வழி பாக்கி இருக்கு. மொதல்ல ஒரு பிளான் போட்டு, அப்பறம் திருத்தி அனுப்பறது உண்டு. திருத்தின பிளான்ல அந்த வரிசையச் சேத்து எங்கயாவது மனு போட்டிருந்தா, அதப் புடிச்சுக்கிட்டு ஏதாவது கேக்கலாம். சோலையப்பன் அக்காட்ட குடுத்த வீட்டுப் படத்துல மூலையில பாத்தியா? மு.க.ன்னு பொடியா ஒரு கையெழுத்து, கிள்ளான்ல ஒரு படக்கடை முத்திர. வரைஞ்சவன் சும்மா விடமாட்டான், எங்கயாவது தன் பேரப் போட்டுத்தான் வைப்பான்."

"திருத்தின பிளான் இல்லன்னா?"

காமாட்சி படியிறங்கி வண்டியை நோக்கி நடந்தாள்.

"என்னம்மா, என் பேரு இருக்கா?" என்றாள் நல்லம்மாள்.

"இன்னும் ஒருத்தரப் பாக்கணும் அக்கா. கிள்ளான் வரைக்கும்."

"பாப்போம், பாப்போம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரமிருக்குல்ல?"

ஜெய்னுதீன் அவளுக்கு ஒரு பொட்டலம் கடலை வாங்கிக் கொடுத்தான். என்ன பேசுவது என்று தெரியாதபோது அவன் எதையாவது வாங்கிக் கொடுப்பான்.

*

கிள்ளானில் படக்கடை எப்போதோ மூடிப்போயிருந்தது. பக்கத்துப் புடவைக்கடைக்காரர் மேல்மாடியைக் காட்டினார். "முத்துக்கருப்பன்தானே? மேல இருக்காரு. எங்க இருக்கப் போறாரு?"

படம் வரைகிற சாய்வு மேஜை இன்னும் அந்த அறையில் இருந்தது. அதன்மேல் துவைத்த துணிகள் கிடந்தன. முத்துக்கருப்பனுக்கு அறுபதைத் தாண்டிய வயது, ஒரு கண்ணில் புரை. காமாட்சி நீட்டிய படத்தை நல்ல கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உடனே கீழே வைத்துவிட்டார்.

"போலீசா?"

"போலீசா இருந்தா ரெண்டு சப்பாத்து போட்டிருப்போம்," என்றான் ஜெய்னுதீன்.

கிழவருக்கு உதடு லேசாக நெளிந்தது. "உக்காருங்க. இது ஒருநாள் வந்து கேக்கும்னு தெரியும். யாரு கேப்பாங்கன்னுதான் தெரியல."

"இந்த ஒத்தப்படை வரிச. இதுக்குத் திருத்தின பிளான் ஏதாவது அனுப்பினீங்களா?" என்றாள் காமாட்சி.

"எங்க அனுப்புறது? ஆத்துல வீடு கட்டப் போறேன்னா?"

ஒரே வாக்கியத்தில் கடைசி வழியும் அடைபட்டது. காமாட்சி கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைத்தாள்.

"ஏன் வரைஞ்சீங்க?"

"சோலையப்பன் எனக்குத் தெரிஞ்ச பையன். கூலி குடுத்தான், வரைஞ்சேன். பொய் சொல்ல மாட்டேன், தெரிஞ்சுதான் வரைஞ்சேன். ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மா, அவன் ஏமாத்தணும்னு ஆரம்பிக்கல. அந்த வரிசைய நெனச்சது அவனில்ல."

"பின்ன யாரு?"

"ஒரு அம்மா. மொத மொதல்ல வீடு வாங்க வந்தவங்க. சோலையப்பன் நல்ல வீடாத்தான் காட்டினான், ரோட்டுக்குக் கெழக்க, இருபத்தாறாம் நம்பரு. அன்னிக்கு நான் அவன் ஆபீசுல இருந்தேன். மேற்குப் பாத்த வாசலுன்னதும் அந்த அம்மா எழுந்திருச்சுட்டாங்க. சும்மா குடுத்தாலும் வேணாம்னாங்க. ஒரு மாசமா ஒரு வீடு விக்காம கெடந்தான் அவன். வாசல் வரைக்கும் போன அந்த அம்மா திரும்பிப் பாத்து, 'இதுக்கு எதிர்வீடு எந்தப் பக்கம் பாத்தது?'ன்னாங்க. இவன் வாய் தவறி, 'எதிர்வீடு இருந்தா கெழக்கப் பாத்திருக்கும்'னான்."

முத்துக்கருப்பன் நிறுத்தினார்.

"'அப்ப அதையே எழுதுங்க'ன்னு கைப்பையத் தொறந்துட்டாங்க. நானும் அவனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அன்னிக்கு ராத்திரிதான் இருபத்தேழ வரைஞ்சேன். அடுத்த வாரம் அவங்களே இன்னும் நாலு பேரக் கூட்டியாந்தாங்க. அப்பறம் ஆறு பேரு. அவங்க கூட்டியாரக் கூட்டியார நான் வரைஞ்சுக்கிட்டே இருந்தேன்."

படிக்கட்டில் ஒரு பலகை கிறீச்சிட்டது.

ஜெய்னுதீன் திரும்பினான். வண்டியில் உட்காரச் சொன்ன நல்லம்மாள், கையில் கடலைப் பொட்டலத்தோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தேவையில்லை. முகமே சொல்லிற்று.

முத்துக்கருப்பன் நல்ல கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இந்த அம்மாதான்," என்றார்.

கீழே புடவைக்கடையில் யாரோ விலை பேசுகிற சத்தம் கேட்டது. ஏதாவது சொல்லவேண்டும் என்று ஜெய்னுதீன் வாயைத் திறந்தான். அவன் வாயில் அன்றைக்குச் சரக்கு தீர்ந்துபோயிருந்தது.

"சும்மா குடுத்தாலும் வேணாம்னு சொன்னேன்தான்," என்றாள் நல்லம்மாள். "ஆமா. சொன்னேன்."

"அக்கா, உக்காருங்க."

"அந்த இருபத்தாறுல கூரை போட்டிருக்காங்களே, காமாட்சி. இன்னிக்குப் பாத்தேனே. உள்ளுக்குப் பூச்சுகூட முடிஞ்சிருக்கு. அஞ்சு வருசமா அதோட படியில உக்காந்துக்கிட்டு, எதுத்தாப்ல இருக்கிற வெறும் புல்லப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

காமாட்சி அவள் தோளைத் தொட்டாள். ஆனால் முகத்தை முத்துக்கருப்பன் பக்கம்தான் திருப்பினாள். இந்தப் பெண்பிள்ளைக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று ஜெய்னுதீன் நினைத்த ஒரு சில தருணங்களில் அதுவும் ஒன்று. பிறகுதான் புரிந்தது: அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான், அடுத்த கேள்வி.

"அந்த இருபத்தாற அப்பறம் யாரு வாங்கினா?"

"யாரும் வாங்கல. வேண்டாம்னு கெடந்தது. கடைசியில கம்பெனி கமிஷனுக்குப் பதிலா அதையே சோலையப்பன்கிட்ட தள்ளிவிட்டுச்சு. அவன் தன் பேருல வைக்கல."

"பவுனம்மாள் பேருல வச்சான்."

முத்துக்கருப்பன் வியப்போடு பார்த்தார். "அவன் பெத்த தாயி. உங்களுக்கு எப்படி…?"

"பாஸ்!" ஜெய்னுதீன் துள்ளினான். "மேற்குப் பாத்து வாங்கின ஒரே தமிழ் அம்மா! நான் காலத் தொட்டுக் கும்பிடுறேன்னு சொன்னேனே!"

"பதியாத ஒரே பேரும் அதுதான். மறைஞ்சு திரியுறவன் கடைசி நிமிஷம் வரைக்கும் வரமாட்டான். ஆனா முழு வீடு ஒண்ணு கைக்கு வர்றப்ப விடவும் மாட்டான். நாளைக்குப் பன்னெண்டுக்குள்ள தாயக் கூட்டிக்கிட்டு காஜாங்குக்கு வந்தே ஆகணும்." காமாட்சி கைப்பையை மூடினாள். "அஞ்சு நாளா நாம அவனத் தேடினோம் ஜெய்னு. நாளைக்கு அவனே வர்றான்."

"அவனப் புடிச்சா," என்றாள் நல்லம்மாள், "என் வீடு வருமா?"

ஜெய்னுதீன் தரையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரிந்தவன் அவன்தான். ஆனால் கேள்வி அவனிடம் கேட்கப்படவில்லை.

"வராது அக்கா," என்றாள் காமாட்சி. "பணத்தயும் அவன் வச்சிருக்க மாட்டான். அந்த ஒரு வீட்டப் புடுங்கினாக்கூட, பதினேழு குடும்பத்துக்கு அத எப்படிப் பிரிக்கிறது? கோர்ட்டுக்குப் போனா வருசக் கணக்காகும்."

"முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள ஆகாது."

"ஆகாது."

நல்லம்மாள் கடலைப் பொட்டலத்தை மேஜைமேல், துணிகளின் ஓரமாக வைத்தாள். ஒரு கடலைகூட எடுக்காத பொட்டலம்.

*

பிரிக்பீல்ட்ஸ் திரும்பும்போது சாயங்கால வெயில் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. மேற்கு வெயில். பாலத்தருகே நெரிசலில் நின்றபோது நல்லம்மாளே வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு நானும் வரேன், காமாட்சி."

"வேணாம் அக்கா. அவன் முகத்தப் பாத்து என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணு கேக்கணும்."

"என்ன?"

"பொங்கல் நல்லாருந்துச்சான்னு."

ஜெய்னுதீன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"அப்பறம் சங்கத்துக்குப் போகணும். பதினாறு பேருக்கும் நாந்தான் சொல்லணும். பூக்காரி தாலிக்கொடிய வித்துக் குடுத்தா தெரியுமா? நாந்தான் கடைக்குக் கூட்டிப் போனேன்."

"உங்க மேல தப்பு இல்லன்னு நான் வந்து சொல்றேன்."

"வேணாம்மா. நீ பொய் சொன்னா நல்லாருக்காது."

குவாட்டர்ஸ் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் முப்பத்தொன்றுக்குள் போகிறவர்கள்தான். லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, உங்க சாமான என்னிக்கு ஏத்தணும்? எடம் எங்க?"

"சொல்லி அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு நல்லம்மாள் உள்ளே போனாள். விளக்கைப் போட்டாள். கதவு காலையில் இருந்த இடத்திலேயே நின்றது.

காமாட்சி ஒரு நாற்காலியைத் தேடினாள். உட்கார இடமில்லை. நல்லம்மாள் சுவரைப் பார்த்து நின்றபடியே சொன்னாள்:

"தம்பி, அத அந்த மூலைக்குத் தள்ளிடு. நடக்க வழியில்லாம நிக்குது."

ஜெய்னுதீன் ஒற்றைச் சப்பாத்தையும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நிலையின் இரு பக்கமும் கை கொடுத்தான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"எந்தப் பக்கம் பாத்து வைக்கட்டும் ஆன்டி?"

"எப்படி வேணும்னாலும் வை."

அவன் கதவை மூலைக்கு நகர்த்தினான். அப்படி வைத்ததில் அதன் முகம் சமையல்கட்டைப் பார்த்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, யாரும் சொல்லாமலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கி, குங்குமம் அழியாமல், அங்குலம் அங்குலமாகத் திருப்பினான்.

"ஜெய்னு, அது போதும்," என்றாள் காமாட்சி.

"இருங்க பாஸ்," என்றான் அவன். "கெழக்கு இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."